நாண் இறக்காத வில்

அவள் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. தென்மாவட்டத்துக் கோயில்கள் பலவற்றில் அவளுக்குப் பீடம் உண்டு. தாராவியில் நான் பிறந்த சந்தின் முனையிலும், மின்சார மீட்டர் பெட்டிகளுக்குக் கீழே, மஞ்சள் பூசிய ஒரு சிறிய பீடம் இருக்கிறது. பெயரைச் சொன்னால் பலருக்கும் தெரியும். ஆனாலும் எழுதக் கை வரவில்லை. சமூகப்பணியில் முதுகலைப் பட்டம் பெற்ற ஒருத்தி இப்படிச் சொல்வது எவ்வளவு பொருத்தமற்றது என்பதை அறிந்தேதான் சொல்கிறேன்.

திருமணத்துக்குப் பிறகு செம்பூர்ப் பக்கம் திலக் நகரில், ரயில் பாதையை ஒட்டிய பழைய கட்டடம் ஒன்றின் இரண்டாம் மாடியில் குடியிருந்தோம். கணவருக்கு வாஷியில் அலுவலகம். எனக்கு வேலை தாராவியில். கர்ப்பிணிகளை மாதாந்தரப் பரிசோதனைக்கு வரவைப்பதும், வீட்டிலேயே பிள்ளை பெறும் வழக்கத்தைக் குறைப்பதும் எங்கள் அமைப்பின் பணி. துண்டுப் பிரசுரங்கள் அதிகம் உதவவில்லை. அங்கே வளர்ந்த இளம்பெண்கள் பலர் தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார்கள். படத்தைப் பார்த்துவிட்டு மடித்துப் பால் பாத்திரத்தின் மேல் மூடிவிடுவார்கள். எனவே வில்லுப்பாட்டு வைக்கலாம் என்று சொன்னேன். அந்த யோசனை முழுக்க முழுக்க என்னுடையது.

பாடுகிற அக்கா இரண்டு சந்து தள்ளி இருந்தார். விடியற்காலையில் இட்லி அவித்து சயான் பக்கம் கடைகளுக்கு அனுப்புவதுதான் அவருடைய அன்றாடப் பிழைப்பு. கோயில் கொடைத் திருவிழா நாட்களில் வில்லுக்கு நடுவே உட்கார்ந்து, நாணை அடிக்கும் வீசுகோலை எடுத்தால் ஆளே மாறிவிடுவார். அவருடைய வில், மாமியார் வீட்டு வழியில் மூன்று தலைமுறை கைமாறி வந்த பனை வில். வைரம் பாய்ந்து கறுத்திருக்கும். அதில் பீடத்தில் இருக்கும் அவள் கதையைத் தவிர வேறெந்தக் கதையையும் பாடியதில்லை. அந்த வில்லில் அவள் இருக்கிறாள் என்பது குழுவினரின் நம்பிக்கை.

கதை எளிமையானது. நிறைமாதத்தில் புகுந்த வீட்டாரால் விரட்டப்பட்ட ஒரு பெண், காட்டுவழியில் துணையின்றி, பிள்ளை பாதி வழியில் நிற்க உயிர்விடுகிறாள். பிறகு கைலாயம் சென்று வரம் வாங்குகிறாள். பிள்ளைத்தாய்ச்சிகளைக் காக்கும் தெய்வமாகத் திரும்பி வருகிறாள். கடைசியில் கேட்டவர்களுக்கெல்லாம் வாழி பாடி, வில்லின் நாணை இறக்குவார்கள்.

சாகும் இடத்தில் கதையை நிறுத்திவிடுங்கள் என்று நான் கேட்டேன். அடுப்படியில் உட்கார்ந்து உளுந்து கழுவிக்கொண்டிருந்த அக்கா கையை நிறுத்தினார்.

"எதுக்குங்கேன்?"

"அங்க நிறுத்துனாத்தான் மனசுல தைக்கும் அக்கா. ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தா பொழைச்சிருப்பான்னு நான் மைக்குல சொல்லுவேன். அதுக்குப் பொறவு சாமி ஆயிட்டான்னு பாடினா, சாமி பாத்துக்கிடும்னு எல்லாரும் வீட்டுலயே இருந்துருவாங்க."

"நீங்க சொல்லுதது நியாயந்தான். ஆனா வரம் வாங்குதுக்கு முந்தி அவ சாமி இல்லேல்லா. வயித்துப் பிள்ளையோட செத்துக் கெடக்க பொம்பளை. அந்த நேரத்துல அவகிட்ட நியாயம் பேச முடியுமா?"

பாட்டுக்குக் குடம் அடிக்கும் அவருடைய தம்பி வாசலிலிருந்து, "மேடம் மைக்குல சொன்னா கேட்டுக்கிடுவா. படிச்சவங்க சொன்னா பேயும் கேக்கும்" என்றார். அக்கா அவரை முறைத்தார்.

முந்தைய வருடம் அக்காவின் நாத்தனாருக்குப் பிரசவம் சிக்கலானபோது, அலைந்து திரிந்து ஆஸ்பத்திரியில் இடம் வாங்கிக் கொடுத்தவள் நான். அதனால்தான் அவரால் மறுக்க முடியவில்லை என்று இன்று தோன்றுகிறது. ஒரே ஒரு நிபந்தனை விதித்தார். சாவுக் கட்டத்தில் மாசமாக இருப்பவர்கள் யாரும் எதிரில் இருக்கக் கூடாது. கொடையிலும் அதுதான் வழக்கம். அந்த இடம் வருமுன்பே பெரியவர்கள் அவர்களை எழுப்பி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கடைசிவரை இருந்து வாழி கேட்பதானால் மட்டும் இருக்கலாம்.

நான் ஒப்புக்கொண்டேன். அழைப்பை மாமியார்களுக்கும் தொண்டர்களுக்கும் மட்டுமே அனுப்பினேன். ஆனால் எனக்கே அப்போது நான்காம் மாதம் தொடங்கியிருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு ஒரு கரு மூன்றாம் மாதத்தில் கலைந்திருந்தது. எனவே இந்த முறை கணவரைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை. அக்காவின் நிபந்தனை என்னையும் கட்டுப்படுத்தும் என்று நான் ஒரு கணம்கூட நினைக்கவில்லை. விதிகள் நான் யாருக்காக வேலை செய்கிறேனோ அவர்களுக்கானவை என்ற எண்ணம் எனக்குள் எங்கோ இருந்திருக்க வேண்டும்.

மாட்டுங்காவில் ஒரு சிறிய அரங்கத்தில், ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு நிகழ்ச்சி. காட்டுவழி வந்தது. வலி வந்தது. அக்காவின் குரல் தாழ்ந்துகொண்டே போய் ஏறக்குறைய மூச்சாகிவிட்டது. உயிர் பிரியும் இடத்தில் வீசுகோலை நாணின் மேல் ஓங்கி ஒரு அடி அடிக்க வேண்டும். அக்கா கோலை உயர்த்தினார். நான் மேடையோரத்திலிருந்து கையை உயர்த்தி மைக்கை எடுத்துக்கொண்டேன். கோல் அந்தரத்தில் நின்றது, நாணின் மேல் விழவில்லை. நான் பேசி முடித்தபோது கைதட்டல் ஓய நீண்ட நேரம் ஆயிற்று. முன்வரிசையில் பலர் கண்களைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

"ஆளைக் கொன்னாச்சு, டீ வந்தாச்சு" என்றார் குடம் அடிக்கும் தம்பி. யாரும் சிரிக்கவில்லை. அக்கா டீயைத் தொடவில்லை. வில்லின் நாணை இறக்கவும் இல்லை. கதை முடியாமல் இறக்கக் கூடாதாம்.

அன்று மாலையே, கைதட்டலோடு முடியும் நிகழ்ச்சி ஒளிப்பதிவை எங்கள் கர்ப்பிணித் தாய்மாரின் வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்தேன்.

நாணோடு நின்ற வில்தான் சிக்கலாயிற்று. நாண் இறக்கினால் வில் நிமிர்ந்து பரணில் ஒரு கழிபோலக் கிடக்கும். நாண் ஏறியிருந்தால் வளைந்து, அக்காவின் ஒற்றை அறையில் பாதியை அடைத்துக்கொள்ளும். இரண்டு நாளில் அவர் ஒரு மாதக் கொடைகளுக்காக ஊருக்குப் புறப்பட வேண்டும். அங்கே பாட வேறு வில் இருந்தது. திரும்பி வந்து சந்து முனைப் பீடத்தில் முழுக்கதையையும் பாடி முடிப்பதாகச் சொன்னார். அதுவரை என் வீட்டுக் கூடத்தில் இருக்கட்டும் என்று நானே முன்வந்தேன். தொல்லை என்னால் வந்தது, இடமும் நானே கொடுப்பதுதான் முறை.

அக்கா என்னைக் கூர்ந்து பார்த்தார். "வீட்டுல மாசமா யாரும் இல்லேல்லா?"

"இல்லை அக்கா" என்றேன்.

ஆமாம் என்று சொன்னால் செய்தி அன்றைக்கே சந்துகளில் பரவும். மேடத்தையே அவள் பிடித்துக்கொள்வாள் என்று பேச்சு வந்தால், பரிசோதனைக்கு வரும் பெண்கள் தயங்குவார்கள். இப்படியெல்லாம் விளைவுகளை எடைபோட்டுத்தான் அந்தப் பொய்யைச் சொன்னேன். பொய்யின் விளைவை மட்டும் எடைபோடவில்லை.

டெம்போவில் வந்த வில்லை மாடிப்படியில் நான்கு பேர் திருப்பித் திருப்பி ஏற்றினார்கள். கூடத்துச் சுவரோரம் வைத்ததும் அது எங்கள் சோபாவைவிட நீளமாக இருந்தது. வில் நெடுகிலும் வெண்கல மணிகள். அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு பழைய வெள்ளைப் போர்வையை எடுத்து மூடினேன்.

ஹார்பர் லைன் வண்டி போகும்போதெல்லாம் போர்வைக்குள் மணிகள் மெல்ல அதிர்ந்தன. "ஜன்னல் கண்ணாடியே ஆடுது, மணி ஆடாதா?" என்றார் கணவர். "டென்ஷன் மத் லே, கவலைப்படாத. வேணும்னா டைம்டேபிள் வச்சுப் பாரு." உண்மையாகவே நான் பார்த்தேன். வண்டி வந்தால் மணி, வண்டி போனால் அமைதி. மூன்று வாரம் அந்தக் கணக்கு பிசகவில்லை. அந்த விளக்கத்தின் மேல் நான் நிம்மதியாக உறங்கினேன்.

நான்காம் ஞாயிறு எங்கள் பாதையில் மெகா பிளாக். தண்டவாளப் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து மாலைவரை ஒரு வண்டிகூட ஓடாது. கணவர் வாஷியில் நண்பர் வீட்டுக்குப் பேருந்தில் போயிருந்தார். பிற்பகல் மூன்று மணி இருக்கும். நல்ல வெயில். கீழே பிள்ளைகள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். நான் கூடத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தேன். அப்போது மணிகள் அதிர்ந்தன.

முதலில் பழக்கத்தால் வண்டி என்றே எண்ணினேன். வண்டி இல்லை என்பது நினைவுக்கு வந்தபோது கையிலிருந்த சட்டை மடிப்பு கலைந்து மடியில் விழுந்தது. ஜன்னலைப் பார்த்தேன். கண்ணாடி ஆடவில்லை. மணிகள் வில்லின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஒன்றன்பின் ஒன்றாக அதிர்ந்து, யாரோ மூச்சை உள்ளிழுப்பதுபோல ஓய்ந்தன. அதன் பிறகு நாண் ஒரே ஒரு முறை ஒலித்தது. ஓங்கி அடித்த அடி. அரங்கத்தில் அந்தரத்தில் நின்றுபோன அந்த அடி.

போர்வை அசையவே இல்லை. கீழே பந்து சுவரில் படும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. எழுந்தேன். காலில் ஈரம். குனிந்து பார்த்தபோது இரத்தம்.

அந்த நிலையிலும் நான் முறைப்படிதான் நடந்தேன் என்பதைச் சொல்ல வேண்டும். அண்டை வீட்டுப் பெண்ணை அழைத்தேன், டாக்ஸி பிடித்தோம், ஆஸ்பத்திரிக்குப் போனோம். நஞ்சுக்கொடி தாழ்ந்து கருப்பை வாயை மூடியிருப்பதாக மருத்துவர் சொன்னார். பிள்ளைக்குத் துடிப்பு இருக்கிறது, ஆனால் கண்டிப்பாகப் படுக்கையிலேயே இருக்க வேண்டும், மறுபடி இரத்தம் பட்டால் உடனே வர வேண்டும். இரண்டு நாள் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். நூற்றுக்கணக்கான பெண்களுக்கு நானே விளக்கிச் சொல்லியிருக்கும் காரணம்தான் அது. ஆனால் என் காதில் அந்த அடி நிற்கவே இல்லை.

ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்தே அக்காவுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். மறுமுனையில் கோயில் மேளச் சத்தத்துக்கு நடுவே அக்கா கேட்டார்.

"எத்தனை மாசம்?"

"அஞ்சு பொறந்திருக்கு."

"அன்னைக்கிக் கேட்டேம்லா."

"கேட்டீங்க அக்கா."

"வில்லு எப்படி இருக்கு? தொட்டியளா?"

"தொடல. போர்வை போட்டு மூடி வச்சிருக்கேன்."

"வெள்ளையா?"

வெள்ளைதான் என்றேன். அக்காவின் மூச்சு கேட்டது. "பொணத்த மூடுன மாதிரி மூடி வச்சிருக்கியளே தாயி. வீட்டுக்காரரை எடுக்கச் சொல்லுங்க. இன்னைக்கே. நான் டிக்கெட் கெடைச்சதும் வந்து, அங்கனயே பாடி முடிக்கேன்."

அவர் வந்துசேர நான்கு நாளாயிற்று. வீடு திரும்பியதிலிருந்து படுக்கையறையில் கிடந்து, கூடத்தைப் பார்த்த கதவை மூடுவதா திறப்பதா என்று முடிவு செய்ய முடியாமல் தவித்தேன். மூடினால் என்ன நடக்கிறதென்று தெரியாது. திறந்தால் வில்லின் கறுத்த முனை கண்ணில் படும். வண்டிகள் மீண்டும் ஓடின, மணிகள் மீண்டும் அதிர்ந்தன. ஒவ்வோர் அதிர்வுக்குப் பிறகும் அந்த அடி வருமா என்று வயிற்றில் கைவைத்துக் காத்திருந்தேன். இன்னொரு பயமும் இருந்தது. கதையை என் வீட்டில் பாடி முடிக்கப்போவதை அறிந்தால், என்னை நம்பி ஆஸ்பத்திரிக்கு வந்த பெண்கள் என்ன நினைப்பார்கள்? என் ஒரு பிள்ளைக்காக எத்தனை பிள்ளைகளை ஆபத்தில் வைக்கிறேன்? இந்தக் கேள்விக்கு விடை தெரியாமலேயே அக்கா வருவதற்கு ஒப்புக்கொண்டுவிட்டேன்.

அக்கா தனியாகத்தான் வந்தார். தம்பிக்கு ஊரில் இன்னும் கொடைகள் இருந்தன. எங்கள் சமையலறை மண்பானையைக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டி, அதையே குடமாக வைத்துக்கொண்டார்.

"வரத்துல இருந்து தொடங்க முடியாது. காட்டுவழியில இருந்து சாவையும் சேத்துத்தான் பாடணும். நீங்க எந்திரிச்சுப் போகப்பிடாது" என்றார் என்னிடம்.

"அவளால எந்திரிக்கவே முடியாது அக்கா" என்றார் கணவர்.

"அதுவும் நல்லதுதான். நீங்க இங்கன உக்காருங்க தம்பி. நான் பாடப் பாட 'ஆமா' சொல்லணும். கேக்க ஆள் இல்லாட்டாலும் பாடலாம், ஆமா சொல்ல ஆள் இல்லாம பாடப்பிடாது."

"தமிழ்ல ஒரே ஒரு வார்த்தைதானே, சமாளிச்சுருவேன்" என்று சிரித்தார் கணவர். என்னைப் பிறகு கேலி செய்வதற்காகப் போனில் ஒலிப்பதிவையும் போட்டு வைத்தார்.

பகல் பதினோரு மணி. என் கட்டிலைக் கூடத்துக்கு இழுத்துப் போட்டிருந்தார்கள். முதல் சில அடிகளுக்குக் கணவரின் 'ஆமா' பள்ளிக்கூட வருகைப் பதிவுக்குச் சொல்வதுபோல விறைப்பாக இருந்தது. காட்டுவழி வந்தபோது அது தாழ்ந்தது. வலி வந்தபோது அவர் என்னைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார். அக்கா என்னை மட்டுமே பார்த்துப் பாடினார். ஆனால் அவருடைய பார்வை என் முகத்துக்கு வரவில்லை, வயிற்றிலேயே நின்றது. அந்த முகத்தில் இட்லி விற்கும் அக்கா இல்லை. இருந்தது யார் என்று எனக்குத் தெரியவில்லை. கருணை அதில் துளியும் இல்லை என்பது மட்டும் தெரிந்தது. அது, உனக்கு மட்டும் ஏன் என்று கேட்கும் முகம்.

கோல் உயர்ந்தது. அந்தரத்தில் நின்றது. இந்த முறை நிறுத்தியவர் யாருமில்லை, ஆனாலும் நின்றது. 'ஆமா' வரவில்லை. கணவரின் உதடுகள் அசைந்தன, குரல் எழவில்லை. என் அடிவயிற்றில் ஏதோ இறுக்கிப் பிடித்தது. "சொல்லுங்க" என்று கத்தினேனா, நினைத்தேனா, தெரியாது. அவர் சொன்னார். கோல் விழுந்தது. அதே ஒலி. வயிற்றுக்குள் முதன்முறையாக ஒரு துள்ளல். அது பிள்ளையின் அசைவு என்று புரிந்துகொள்ள எனக்கு வெகுநேரம் ஆயிற்று.

பிறகு கைலாயம், வரம், பீடம். கடைசியாக வாழி. எனக்கும், என் பிள்ளைக்கும், ஆமா சொன்னவருக்கும். அக்கா நாணை இறக்கியபோது, வில் நீண்ட முனகலோடு நிமிர்ந்தது. அக்காவின் முகம் மறுபடி அக்காவின் முகமாகியிருந்தது. ஒரு சொம்புத் தண்ணீர் முழுவதையும் ஒரே மூச்சில் குடித்தார்.

"அன்னைக்கிப் பாதிக் கதை கேட்டவோள்ல மாசமா இருந்தது நீங்க ஒராளுதான?"

கணவர்தான் சொன்னார். "வீடியோ அனுப்பினாளே."

"என்ன வீடியோ?"

சொன்னேன். அக்கா எழுந்து நின்றார். அதட்டவில்லை. அதட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "பாதிக் கதைய வீடு வீடா அனுப்பி வச்சிருக்கிய" என்று மட்டும் சொன்னார்.

கணவர் கேலிக்காக எடுத்த ஒலிப்பதிவுதான் உதவிற்று. அதைக் குழுவில் போட்டேன். கதையை நடுவில் நிறுத்தியது என் தவறு, எல்லோரும் கடைசிவரை கேளுங்கள், கேட்டுவிட்டு இந்த மாதப் பரிசோதனைக்கும் தவறாமல் வாருங்கள் என்று என் குரலிலேயே சொன்னேன். அமைப்பில் விளக்கம் கேட்டார்கள், எழுதிக் கொடுத்தேன். "மேடமே பயந்துட்டாவ" என்று சந்துகளில் சொல்லிச் சிரித்ததாகவும் அறிந்தேன். பரிசோதனைக்கு வருவோர் குறைந்தார்களா என்றால், முதல் மாதம் குறைந்தார்கள். அதை மறைக்க விரும்பவில்லை. பிறகு பழையபடி வந்தார்கள்.

படுத்த படுக்கையாக நான் செய்த ஒரே வேலை, யார் யார் கேட்டார்கள் என்று போனில் பார்ப்பதுதான். கேட்டதைக் காட்டும் குறி ஒவ்வொரு பெயராக நீலமாயிற்று. ஒரு பெயர் மட்டும் ஆகவில்லை. தண்ணீர்க் குழாய்ப் பாதையை ஒட்டிய வீட்டில் இருந்த பெண் அவள், தலைப்பிரசவம். பாதிக் கதையைப் பார்த்திருந்தாள், கைகூப்பும் படம் ஒன்றை அனுப்பியிருந்தாள். முழுக்கதை அவளுக்குப் போய்ச்சேரவே இல்லை. தொண்டர் ஒருவரை அனுப்பினேன். வீடு பூட்டியிருந்தது. பேறுகாலத்துக்கு ஊருக்குப் போய்விட்டார்கள், எந்த ஊரென்று தெரியாது என்றார்கள் பக்கத்து வீட்டார். அவள் போன் அணைந்திருந்தது. "சிம் மாத்தியிருப்பா" என்றார் கணவர். இருக்கலாம். இங்கே எல்லோரும் அடிக்கடி மாற்றுவார்கள்.

என் மகள் எட்டாம் மாத முடிவில், ஆஸ்பத்திரியில், அறுவை சிகிச்சை மூலம் பிறந்தாள். எடை குறைவு, மற்றபடி நலம். இப்போது பால்வாடிக்குப் போகிறாள். இடையில் நான் இரண்டு போன் மாற்றிவிட்டேன். அந்தக் குழுவை மட்டும் அழிக்கவில்லை.

இந்த வருடம் சந்து முனைப் பீடத்தில் மதியக் கொடை. மகளோடு கதையைக் கடைசிவரை கேட்டேன். வாழி பாடுமுன் அவரவர் பெயர் கொடுப்பது வழக்கம். மகளின் பெயரைச் சொன்னேன். பிறகு அந்தப் பெண்ணின் பெயரையும் சொன்னேன்.

அக்கா வீசுகோலை உயர்த்தியவர் நிறுத்தினார். "யாரு, அந்தக் குழாய்ப் பக்கத்துப் பிள்ளையா? இருக்காளா?"

"எதுக்குக் கேக்கிய அக்கா?"

"உசுரோட இருக்கவோளுக்குத்தான் வாழி பாடலாம். இல்லாதவளுக்குப் பாடினா எழுப்பி விட்ட மாதிரி. சொல்லுங்க, இருக்காளா?"

பின்னால் கூட்டம் காத்திருந்தது. ஆமா சொல்பவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். இதே அக்காவிடம் முன்பு ஒருமுறை, உண்மை தெரிந்தே 'இல்லை' என்று பொய் சொன்னேன். இம்முறை எனக்கு எதுவும் தெரியாது.

"இருக்கா அக்கா" என்றேன்.

அக்கா பாடினார். எல்லோரும் ஆமா சொன்னார்கள். நாண் இறங்கி வில் நிமிரும் வரை, மகளின் கையை அவளுக்கு வலிக்கும் அளவுக்குப் பிடித்துக்கொண்டிருந்தேன்.